மரண அறிவித்தல் எழுதிய புஷ்பராணி

புஷ்பராணியின் மகள் சாந்தியின் அழைப்பு வந்தபோது நான் பதுளைச் சந்தையில் ஒரு வாழைப்பூவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். "யோகம் ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க" என்றாள். "எங்கை போனவ?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் புரிந்தது. சாந்தி அழவில்லை. தாயைப் போலவே நிதானமாகச் சொன்னாள். காலையில் எழுந்து தேத்தண்ணி குடித்திருக்கிறார். நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று சாய்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனம் வருவதற்குள் முடிந்துவிட்டது. பிறகு, "நோட்டீஸ் அடிக்கணும் ஆன்ட்டி. நீங்க எழுதுனா தான் அம்மாவுக்குச் சரியா இருக்கும்" என்றாள்.

வாழைப்பூவை வைத்துவிட்டு, சந்தைக்கு வெளியே இருந்த சிமெந்துத் திண்ணையில் உட்கார்ந்து எழுதினேன். அந்த அறிவித்தலை உங்களில் பலர் லுணுகலைக் கடைத்தெருவிலும் பசறையிலும் பதுளை பஸ் நிலையத்துச் சுவரிலும் பார்த்திருப்பீர்கள். யாருடைய மகள், யாருடைய மனைவி, யாருடைய தாய், எத்தனை மணிக்கு அடக்கம் என்பதெல்லாம் அதில் இருந்தது. அதில் இடம் போதாமல் போனவற்றை இங்கே எழுதுகிறேன். பதுளையிலும் சுற்றுத் தோட்டங்களிலும் இதை வாசிக்கும் எத்தனையோ பேர் வீட்டு மரணத்தை எழுதிய கை அவருடையது. அந்தக் கையைப் பற்றி ஒருவராவது எழுதவேண்டும் அல்லவா?

புஷ்பராணி எங்கள் அச்சகத்துக்கு முதலில் வாடிக்கையாளராகத்தான் வந்தார். தொண்ணூறுகளின் தொடக்கம். பஸார் வீதியில் இருந்த அந்தச் சிறிய அச்சகத்தில் நான் புரூப் பார்த்துக்கொண்டும் கணக்கு எழுதிக்கொண்டும் இருந்தேன். கலியாணக் கார்ட், கோயில் திருவிழா நோட்டீஸ், பில் புத்தகம் எல்லாம் அங்கே அடிப்போம். மரண அறிவித்தல் வந்தால் மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு அதைத்தான் முதலில் பார்ப்போம். ஒரு காலை நேரம், கணவரை இழந்த பெண் ஒருவர் தம்பியோடு வந்தார். அப்போது அவருக்கு என் வயதுதான் இருக்கும், முப்பதைத் தாண்டி ஒன்றிரண்டு. தம்பி விபரம் சொல்ல, முதலாளி எழுதிக்கொண்டார். அச்சுக் கோத்து, ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தோம். தம்பி தலையாட்டிவிட்டார். அந்தப் பெண் தாளை வாங்கி முழுவதும் வாசித்தார்.

"இது யாருங்க?" என்று கேட்டார்.

முதலாளி திகைத்தார். "உங்க வீட்டுக்காரர் தான்மா. ஐடென்டிகாட்ல இருக்கிற பேரைத் தானே போட்டிருக்கு."

"அந்தப் பேருல அவர யாருக்குமே தெரியாதுங்க. கிளாக்கரு வாய்க்கு வந்தத எழுதுன பேரு அது. லொறி ராமையான்னு போடுங்க. அப்புறம் இந்த பாசமிகு கணவருங்கறத எடுத்துருங்க."

"அது எல்லாருக்கும் போடுறது தான்மா."

"எல்லாருக்கும் போடுங்க. அந்த மனுசன் பாசத்த எல்லாம் காட்டுனதே இல்ல. வீட்டுக்கு வந்தா, சாப்பிட்டியான்னு கேப்பாரு. அவ்வளவு தான். எனக்கு அது போதுமா இருந்திச்சு." பிறகு கொஞ்சம் யோசித்துச் சொன்னார்: "புள்ள வலி எடுத்த பொம்பளைங்கள எல்லாம் அவரு லொறியில தான் பதுளை ஆஸ்பத்திரிக்கு ஏத்தியாருவாரு. ரெண்டு மூணு புள்ளைங்க லொறியிலேயே பொறந்திருக்கு. அதப் போட முடியுமாங்க?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் பேனையை எடுத்துத் திருத்தினேன். 'தோட்டத்துப் பிள்ளைத்தாய்ச்சிகளை லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்த ராமையா' என்று அன்று அச்சாயிற்று. அந்த அடக்கத்துக்கு அக்கம்பக்கத் தோட்டங்களிலிருந்தெல்லாம் பெண்கள் பிள்ளைகளோடு வந்தார்களாம். கருமாதி நோட்டீஸ் அடிக்க மறுபடி வந்தபோது அதைச் சொல்லித்தான் புஷ்பராணி முதல்முறை எங்கள் முன்னால் அழுதார். முதலாளி அன்றே அவரை வேலைக்குக் கேட்டார். சாதாரண தரம் வரை படித்தவர், முத்து முத்தாக எழுதுவார். தேயிலைக் கொழுந்து எடுக்கும் வேலையை விட்டுவிட்டு, சாந்தியைப் பள்ளிக்கூடத்தில் விட்டபின் பஸ் ஏறி அச்சகத்துக்கு வரத் தொடங்கினார்.

ஒரே மேசையின் இரண்டு பக்கங்களில் பதினைந்து வருஷத்துக்கு மேல் நாங்கள் இருந்தோம். முதலில் என்னை 'மிஸ்' என்றார். வேண்டாம் என்றேன். நான் அவரை 'நீர்' என்று சொன்னது அவருக்குப் பெரிய வேடிக்கை. யாழ்ப்பாணத்தில் சம வயதுக்காரரை அன்போடு அப்படித்தான் அழைப்போம் என்றேன். "நீருன்னா தண்ணி தானே யோகம்? என்னைய தண்ணின்னு கூப்பிடுறீங்களா?" என்று சிரித்தார். நான் கோபமாக இருக்கும் நாட்களில் மேசைக்கு அந்தப் பக்கமிருந்து, "தண்ணி வேணுமா மிஸ்?" என்று கேட்பார். ரகர றகரம் அவருக்கு எப்போதும் வழுக்கும். நான் சிவப்பு மையில் திருத்துவேன். "யோகம் இருக்கும்போது எனக்கு எதுக்கு அந்த ரெண்டு எழுத்தும்?" என்பார்.

அறிவித்தல் எழுத வருகிறவர்களிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி உங்களுக்கு நினைவிருக்கும். பெயரையோ வயதையோ கேட்கமாட்டார். "வீட்டுல எப்பிடிக் கூப்பிடுவீங்க?" என்பார். தோட்டங்களில் பலருக்குப் பதிவில் ஒரு பெயர், வாயில் ஒரு பெயர். "கார்டுல இருக்கிற பேரு கவர்மெண்டுக்கு. கூப்பிடுற பேரு தான் சாவுக்கு" என்று எனக்கு விளக்கினார். "நோட்டீசப் பாத்தா ஆளு தெரியணும் யோகம். போஸ்ட்ல ஒட்டியிருக்கறத ஒருத்தவங்க பஸ்ஸுல போறப்போ பாத்து, அய்யோ இவுங்களான்னு எறங்கணும்."

ஆனால் அவர் தன் விருப்பத்தை யாருடைய துக்கத்தின் மேலும் ஏற்றியதில்லை. கொழும்பில் பெரிய உத்தியோகத்தில் இருந்த ஒருவர் தாயின் மரண அறிவித்தலுக்காக வந்தார். 'இல்லத்தரசி' என்று போடச் சொன்னார். அந்தத் தாய் ஆயுள் முழுதும் மலையில் கொழுந்து எடுத்தவர் என்பது புஷ்பராணிக்குத் தெரியும், பக்கத்துத் தோட்டம். பேனை ஒரு கணம் நின்றது. பிறகு அவர் சொன்னபடியே எழுதிக் கொடுத்தார். அவர் போனபின் நான்தான் பொரிந்து தள்ளினேன்: "ஏன் பேசாமல் எழுதினனீர்? உது பொய்யல்லோ?"

"அவரு அம்மாவ நெனச்சு வெக்கப்படல யோகம். தன்னய நெனச்சு வெக்கப்படுறாரு. கொழும்புல யாருகிட்டயோ வேற மாதிரி சொல்லி வச்சிருப்பாரு. இன்னைக்குத் தான் அம்மா செத்திருக்காங்க. இன்னைக்குப் போயி அத அவருகிட்ட இருந்து பிடுங்கலாமா?" என்றார். ஆனால் அன்று மத்தியானம் சோற்றுப் பொட்டலத்தைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடி வைத்தார்.

என் அப்பா இறந்தபோது அவருடைய அந்தக் கேள்விகள் என் பக்கம் திரும்பின. அப்பா யாழ்ப்பாணத்தில் பிறந்து, பதுளைக் கச்சேரி என்ற அரச அலுவலகத்தில் கிளாக்காக வேலைக்கு வந்து, ஓய்வு பெற்ற பின்னும் இங்கேயே தங்கிவிட்டவர். கனடாவில் இருந்த அண்ணா தொலைபேசியில் அறிவித்தலைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எங்கள் வழக்கப்படி பிறப்பிடம், வதிவிடம், பிறகு பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் அவர்கள் இருக்கும் நாடு. கனடா, ஜேர்மனி, கனடா, பதுளை. எழுதி முடித்ததைப் புஷ்பராணியிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "புள்ளைங்க எல்லாம் எங்க இருக்காங்கன்னு இருக்கு யோகம். அப்பா எங்க இருந்தாருன்னு இல்லியே."

"வதிவிடம் பதுளை எண்டு இருக்குத்தானே?"

"அது அட்ரஸ். அவரு எங்க இருப்பாரு? கச்சேரி விட்டு வந்தா?"

அப்போதுதான் யோசித்தேன். அப்பா மாலையானால் முதியங்கணை விகாரைப் பக்கம் நடந்துபோய், ஆற்றோரமாகத் திரும்பி, வழியில் ஒரு தேநீர்க்கடையில் சிங்களப் பத்திரிகையும் தமிழ்ப் பத்திரிகையும் வாசித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். ஊருக்குப் போகவேண்டும் என்று எப்போதும் சொல்வார், ஆனால் போனால் ஒரு கிழமைக்குள் குளிர் இல்லை, நித்திரை வரவில்லை என்று திரும்பிவிடுவார். 'மாலைதோறும் பதுளை வீதிகளில் நடந்தவர்' என்று புஷ்பராணி ஒரு வரி சேர்த்தார். அண்ணாவுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அடக்கத்தன்று அந்தத் தேநீர்க்கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு வந்து நின்றார். அப்பாவின் பெயர்கூட அவருக்கு அன்றுவரை தெரியாது. அந்த வரியை யாரோ வாசித்துச் சொல்ல, "நடந்து வாற மாத்தயா, அந்த ஐயா தானே?" என்று கேட்டுத்தான் வந்திருக்கிறார்.

இனி அழகம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். புஷ்பராணியை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது அந்த நாள்தான்.

யுத்தம் கடுமையாக இருந்த காலம். லுணுகலைக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து மாணிக்கம் என்பவர் வந்தார், ஐம்பதைத் தாண்டியவர். தங்கைக்கு அறிவித்தல் போடவேண்டும் என்றார். தங்கையின் பெயர் அழகம்மா. முப்பது வருஷத்துக்கு முன் தோட்டத்துக்குக் கட்டட வேலைக்கு வந்த குணபால என்ற சிங்களவரோடு போய்விட்டவர். மொனராகலைப் பக்கம் ஒரு கிராமத்தில் சோமாவதி என்ற பெயரில் வாழ்ந்தவர். தாய் தகப்பன் அவர் பெயரையே வீட்டில் எடுக்கவிடவில்லை. முந்திய நாள் அவர் இறந்துவிட்டார் என்று ஒரு பஸ் கண்டக்டர் மூலம் குணபால சொல்லியனுப்பியிருக்கிறார்.

"அங்க அவள சோமாவதியா பொதைச்சிருவாங்க" என்றார் மாணிக்கம். "அது அவங்க உரிம. நான் ஒண்ணும் சொல்லல. ஆனா அழகம்மா செத்ததுக்கு யாருங்க அழுவுறது? தோட்டத்துல அவ கூட கொழுந்து எடுத்தவங்க இன்னும் இருக்காங்க. அவங்களுக்குத் தெரியவேணாமா?"

புஷ்பராணி எழுதத் தொடங்கினார். பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டார். மகள் ஒன்று, மகன் ஒன்று, மகன் ஆமியில் சிப்பாய் என்றார் மாணிக்கம். பேனை நின்றது.

"புள்ளைங்களுக்கு அம்மா யாருன்னு தெரியுமாண்ணே?"

"தெரியலீங்க. நான் அந்த வீட்டுப் பக்கம் போனதே இல்லியே."

புஷ்பராணி பேனையை வைத்தார். "அப்ப கேட்டுட்டுத் தான் எழுதணும். வாங்கண்ணே, போயிட்டு வந்துருவோம்."

முதலாளிக்குச் சிரமமாக இருந்தது. "இது நம்ம வேலையா புஷ்பராணி? அவர் சொல்றத எழுதிக் குடு."

"நாளைக்கு இந்த நோட்டீஸ யாராவது கிழிச்சிட்டுப் போயி அந்தப் பையன் மொகத்துல காட்டுனா என்னங்க ஆவும்? அவங்க அம்மா யாருன்னு ஒரு தாளு சொல்லியா அந்தப் பையனுக்குத் தெரியணும்?" என்றார். போய்வாருங்கள் என்றார் முதலாளி. புஷ்பராணி என்னையும் வரச் சொன்னார். எனக்குப் பயம். என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். அந்தக் காலத்தில் நான் பதுளையை விட்டு வெளியே போவதே இல்லை. "மூணு பேரா போனா தான் சாவு வீட்டுக்குப் போற மாதிரி இருக்கும், வாங்க" என்று என் கையைப் பிடித்து எழுப்பினார்.

பசறை தாண்டிக் கீழே இறங்கியதும் ஒரு சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்கி அட்டையைக் காட்ட வேண்டும். என் அட்டையைப் பார்த்த இளம் சிப்பாய் என்னைத் தனியே நிற்கச் சொன்னான். எனக்குச் சிங்களம் தெரியும், ஆனால் அந்த நேரத்தில் ஒரு சொல்லும் வரவில்லை. புஷ்பராணி வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார். நாங்கள் ஒரு மரண வீட்டுக்குப் போகிறோம், இது என் கூட வேலை செய்கிறவர், இவரை விட்டுவிட்டு நான் போகமாட்டேன் என்று சிங்களத்தில் சொன்னார். குரலை உயர்த்தவுமில்லை, கெஞ்சவுமில்லை. அந்தப் பையன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "யாருடைய மரணம்?" என்று கேட்டான். "ஓர் அம்மாவுடையது" என்றார். அட்டையைத் திருப்பிக் கொடுத்தான்.

கரும்புத் தோட்டத்தின் ஓரத்தில் அந்த வீடு. வெள்ளைக் கொடிகள் கட்டியிருந்தார்கள். வாசலில் நின்ற வயதான குணபால, மாணிக்கத்தைக் கண்டதும் அப்படியே நின்றார். பிறகு கிட்ட வந்து, யாருக்கும் கேட்காத குரலில், தோட்டத்தில் கற்ற பழைய தமிழில், "மச்சான், வந்திட்டியா" என்றார். மகளுக்கும் அயலவர்களுக்கும், முன்பு தன்னோடு வேலை செய்தவர்கள் என்று எங்களைச் சொன்னார். மாணிக்கம் பெட்டியருகில் போய் நின்றார். முப்பது வருஷத்துக்குப் பின் தங்கையைப் பார்க்கிறார், வாய் விட்டு அழவும் முடியாது. "அழகு" என்று உதடு மட்டும் அசைந்தது.

மகள் மாலனி எங்களுக்குத் தேநீர் கொண்டுவந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். புஷ்பராணி அவளைப் பக்கத்தில் இருத்தி, அம்மா கடைசியில் சிரமப்பட்டாரா என்று சிங்களத்தில் கேட்டார். வலியை விட மனவேதனைதான் அதிகமாக இருந்திருக்க வேண்டும் என்றாள் அவள். "கடைசி நாட்களில் வேறு எதுவுமே பேசவில்லை. 'அனே, அனே' என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார்."

சிங்களத்தில் 'அனே' என்றால் நமது 'ஐயோ' போல ஒரு சொல். பாவம், கஷ்டம், இரக்கம் எல்லாவற்றுக்கும் வரும். மகள் அதை அப்படித்தான் கேட்டிருக்கிறாள். மாணிக்கம் கோப்பையைக் கீழே வைத்தார். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். புஷ்பராணி அந்தப் பெண்ணின் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

கிணற்றடியில் குணபால எங்களிடம் பேசினார். பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும் என்று மனைவி எத்தனையோ முறை கேட்டாராம். தான்தான் பயந்து பயந்து தள்ளிப் போட்டாராம். தமிழரைத் தாக்கிய கலவர காலத்தில் அந்தப் பயம் தொடங்கியது, மகன் ஆமிக்குப் போனபின் இன்னும் கூடியது. மகன் அன்று மாலை வந்துசேருவான். "நானே சொல்வேன். என் வாயால் சொல்ல வேண்டும். கொஞ்சம் காலம் தாருங்கள்" என்று மாணிக்கத்தின் கையைப் பிடித்தார். மாணிக்கம் தலையை மட்டும் ஆட்டினார்.

திரும்பும் பஸ் ஏறிக் கொஞ்சத் தூரம் வந்துவிட்டோம். பிறகு மாணிக்கம் முன் ஆசனத்திலிருந்து திரும்பிக் கேட்டார்: "அது அனே இல்லீங்களே. அண்ணேன்னு தானே சொல்லியிருக்கா?"

"ஆமாண்ணே" என்றார் புஷ்பராணி.

"நீங்களும் அப்பிடித் தானே கேட்டீங்க?"

"அப்பிடித் தான் கேட்டேன். உங்களத் தான் கூப்பிட்டிருக்காங்க."

அந்த மனிதர் ஜன்னல் பக்கம் திரும்பி, பசறை வரும்வரை அழுதார். யாரும் தடுக்கவில்லை.

மறுநாள் காலை புஷ்பராணி எழுதிய அறிவித்தல் சிறியது. இந்தத் தோட்டத்தில், மேல் டிவிசன் லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்த அழகம்மா, மாணிக்கத்தின் அன்புத் தங்கை, தன் சொந்த வீட்டில் கணவரும் மகளும் பக்கத்தில் இருக்கக் காலமானார் என்று மட்டும் இருந்தது. ஊர் இல்லை, மற்றப் பெயர் இல்லை, பிள்ளைகளின் பெயர் இல்லை. எனக்குத் திருப்தியில்லை. பாதியை மறைத்தால் அது எப்படி அறிவித்தல் ஆகும் என்று கேட்டேன்.

"பொய் ஒண்ணும் எழுதலியே. எல்லாத்தையும் எழுதல. ரெண்டும் வேற வேற" என்றார். "அவ நல்லா வாழ்ந்தாளா, தனியா கெடந்து செத்தாளான்னு தான் தோட்டத்துல கேப்பாங்க. அதுக்குப் பதிலு இருக்கு பாருங்க."

மாணிக்கத்தின் லயத்து வாசலில் அன்று மாலை பெண்கள் கூடினார்களாம். உடல் இல்லாமலே தப்பு மேளம் அடித்தார்களாம். அழகம்மாவோடு ஒரே நிரையில் கொழுந்து எடுத்தவர்கள் பெயர் சொல்லி அழுதார்களாம். அதைக் கேட்டுவிட்டு வந்து என்னிடம் சொன்னபோது புஷ்பராணி முகத்தில் இருந்த நிம்மதியை நான் வேறு எந்த நாளிலும் கண்டதில்லை.

இது இத்தோடு முடியவில்லை. சில வருஷங்களுக்குப் பின் சண்டை ஓய்ந்து, சாவடிகள் எடுக்கப்பட்டு, வீதிகள் திறந்திருந்த காலத்தில், ஒரு நாள் மாலனி அச்சகத்து வாசலில் நின்றாள். கூடவே அவள் தம்பி, விடுமுறையில் வந்திருந்தவன், சாதாரண உடுப்பில். அவர்களுக்குப் பின்னால் மாணிக்கம். குணபால இறந்துவிட்டார். ஆனால் இறப்பதற்கு முன் சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் லுணுகலைக்கு வந்து விசாரித்து மாமனைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். தாயின் நினைவு நாளுக்கு இரண்டு மொழியிலும் ஓர் அறிவித்தல் வேண்டும், இரண்டு பெயரும் வேண்டும், தங்கள் பெயர்களும் வேண்டும் என்றாள் மாலனி.

எந்தப் பெயர் முதலில் என்ற கேள்வி வந்தது. புஷ்பராணி மாலனியிடம் கேட்டார், வீட்டில் எந்தப் பெயரைச் சொன்னால் அம்மா திரும்பிப் பார்ப்பார் என்று. "சோமா" என்றாள் மாலனி. மாணிக்கத்திடம் திரும்பினார்: "உங்க வீட்டுலண்ணே?" "அழகு" என்றார் அவர். "ரெண்டுக்கும் திரும்பிப் பாத்திருப்பாங்க. அப்ப சிங்களத்துல சோமாவதி முதல்ல வரட்டும், தமிழ்ல அழகம்மா முதல்ல வரட்டும். எழுத்து ஒரே அளவு" என்று முடித்துவிட்டார். தமிழ்ப் பக்கத்தை நான் ஒன்றுக்கு மூன்று முறை புரூப் பார்த்தேன்.

எல்லாம் முடிந்தபின் புஷ்பராணி மாலனியின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த 'அனே'யைப் பற்றிச் சொன்னார். தமிழில் அது என்ன சொல், யாரை அழைப்பது என்று சொன்னார். மாலனி முதலில் நம்பாதவள் போல நின்றாள். பிறகு தாயின் குரலை நினைத்துப் பார்ப்பவள் போல, "அண்ணே" என்று தானே மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற தம்பிதான் உடைந்துபோனான். மாணிக்கத்தின் தோளைப் பிடித்து, "மாமா" என்றான். அந்தச் சொல் இரண்டு மொழியிலும் ஒன்றுதான், யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

அவர்கள் போனபின் நான் புஷ்பராணியிடம் கேட்டேன்: "அண்டைக்கே சொல்லியிருக்கலாமே. ஏன் இவ்வளவு காலம் வச்சிருந்தனீர்?"

"அன்னைக்கு சொல்லியிருந்தா அது என் வாயால வந்திருக்கும். அவங்க அப்பா வாயால இல்ல" என்றார். "ஒருத்தவங்க யாருன்னு சொல்றது பெரிய வேல யோகம். அது யாரு கையில இருக்கோ அவங்க தான் சொல்லணும். நம்ம எழுதித் தாறவங்க தான்."

எத்தனையோ ஆயிரம் வரிகளை இருவருமாக எழுதியும் திருத்தியும் இருக்கிறோம். செத்தவர்களைப் பற்றியே நாள் முழுக்க எழுதினால் மனது கனக்காதா என்று கேட்பவர்களுக்கு அவர் ஒரே பதில்தான் வைத்திருந்தார். "செத்ததப் பத்தி ஒரு வரி தாங்க இருக்கும். மிச்சம் எல்லாம் இருந்ததப் பத்தித் தானே?" இதைச் சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் வீட்டுப் பெயரைக் கேட்கத் தொடங்கிவிடுவார். கண்ணீரோடு வந்தவர்கள் அவரிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே சிரித்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒரு கிழவரின் மகன்கள் மூவர், தகப்பன் ஆட்டுக்கடாவோடு சண்டை போட்டு விழுந்த கதையைச் சொல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, பிறகு வெட்கப்பட்டார்கள். "சிரிங்க. அவரு இல்லாம இந்தக் கதைக்கு சிரிக்கிறது இது தானே முத தடவ" என்றார் புஷ்பராணி.

சாந்தி ஆசிரியையாகி லுணுகலையில் வீடு எடுத்தபின் புஷ்பராணி அங்கே போய்விட்டார். கணினி வந்து, அறிவித்தல்கள் ஒரே அச்சில் வார்த்ததுபோல வரத் தொடங்கிய காலம் அது. அதற்காக அவர் வருத்தப்பட்டுப் பேசியதில்லை. தொலைபேசியில் எடுத்தவுடன், "தண்ணி பேசுறேன்" என்பார். பேத்தியின் குறும்பு, மழை, யாருக்குச் சீனி வியாதி, யாருக்குக் கலியாணம் என்று கதை நீளும். கடைசியாகப் பேசியபோது, மாலனிக்கு மகள் பிறந்திருக்கிறாள் என்று சொன்னார். என்ன பெயர் என்று கேட்டேன். "இன்னும் வைக்கலியாம். கூப்பிட லேசா இருக்கிற மாதிரி வைக்கச் சொல்லியிருக்கேன்" என்றார்.

அடக்கத்தன்று நான் போனபோது வீடு நிறைந்திருந்தது. மாணிக்கம் வயோதிபத்தோடு ஒரு கதிரையில் இருந்தார். மாலனி கைக்குழந்தையோடு வந்திருந்தாள். உள்ளே பாயில் பெண்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். என்னைத் தெரியாத ஒரு வயதான அம்மா நிமிர்ந்து பார்த்து, "நீங்க இவுங்களுக்கு என்ன வேணும்ங்க?" என்று கேட்டார்.

அறிவித்தல்களில் நான் ஆயிரம் தடவை பதிலைத் திருத்திய கேள்வி அது. மகள், மருமகள், சகோதரி, மச்சாள், பெறாமகள். இதில் எதுவும் நான் இல்லை. நானே எழுதிய அறிவித்தலிலும் எனக்கு ஓர் இடம் இருக்கவில்லை.

"நாங்கள் ரெண்டு பேரும் ஒரு மேசையிலை இருந்து ஒவ்வொரு நாளும் கதைச்சுக்கொண்டிருந்தனாங்கள் அம்மா" என்றேன்.

அந்த அம்மா பக்கத்தில் இருந்தவர்களைத் தள்ளி உட்காரச் சொல்லி, தலைமாட்டில், சாந்திக்குப் பக்கத்தில் எனக்கு இடம் விட்டார். "இப்பிடி வந்து குந்துங்க" என்றார். தூக்கும்வரை அங்கேதான் இருந்தேன்.

புஷ்பராணியிடமிருந்து என்னிடம் இருப்பது என்ன என்று கேட்டால், அந்த இடம்தான். அவர் வாழ்ந்த வாழ்க்கையில் இரத்தமோ ஊரோ சம்பந்தமில்லாமல் எனக்கென்று ஒதுங்கிக் கிடைத்த ஒரு பாய் அகலம். அங்கே இருந்துகொண்டு அவரைப் பற்றிக் கேட்கிற எவருக்கும் சொல்ல எனக்குக் கதை இருக்கிறது. லுணுகலைப் பக்கம் வந்தால் சொல்லுங்கள், சாந்தி வீட்டில் சந்திப்போம். உங்கள் வீட்டு அறிவித்தலை அவர் எழுதிய அன்று என்ன கேட்டார், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று நீங்களும் எனக்குச் சொல்லவேண்டும். எனக்குத் தெரியாத புஷ்பராணி இன்னும் எத்தனையோ பேரிடம் இருக்கிறார்.